விசிலுக்குக் காத்திருந்த குட்டியும் லிஃப்டின் ஈரத் தரையும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ரயில் கார்டு (அக்கம்பக்கத்தார் வாயில் ‘விசில் மாமா’),
நான்காவது மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு,
லிஃப்ட் அடிக்கடி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு.

பெறுநர்:
வளர்ப்புப் பிராணிகள் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: லிஃப்டுக்குள் சிறுநீர் கழித்ததாக ஐந்து மாத நாய்க்குட்டி மீது சாட்டப்பட்ட குற்றம் – வெளியேற்ற உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – உண்மைக் குற்றவாளியைத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. குடியிருப்போர் சங்கத்தின் புதன்கிழமைத் தீர்மானம். 2. அதன் பேரில் தங்கள் அலுவலகம் சனிக்கிழமை என் கதவில் ஒட்டிய அறிவிப்பு.

மதிப்புக்கும், இதைப் படித்து முடிக்கும் அளவு பொறுமைக்கும் உரிய ஐயா,

1. இம்மனுவில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று தொடக்கத்திலேயே தங்களுக்கு உறுதி கூறிக்கொள்கிறேன். என் தங்கை நம்ப மாட்டாள். என் பேச்சை நம்புவதை அவள் ஏழு வயதிலேயே நிறுத்திவிட்டாள். எங்கள் சங்கம் நம்பாது. நம்புவதென்றால் அதற்கும் ஒரு கூட்டம் போட வேண்டும், ஆள் சேராது. தாங்களும் நம்ப வேண்டியதில்லை. படித்தால் போதும். நடுவில் சிரிப்பு வந்தால் அலுவலக நேரம் என்று பார்க்காமல் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் படித்து முடித்துவிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்துக்குத்தான் தங்கள் வண்டி வந்து என் வீட்டு நாய்க்குட்டியை ஊருக்கு வெளியே உள்ள காப்பகத்துக்கு ஏற்றிச் செல்லும் என்று அறிவிப்பு சொல்கிறது.

2. மனுதாரரைப் பற்றி: முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயிலில் கார்டாக வேலை பார்த்தவன். முன்னால் இருக்கும் டிரைவர்தான் வண்டியை ஓட்டுகிறார் என்று பொதுமக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் பெட்டியில் நிற்கிறவன் விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டாவிட்டால் அந்த டிரைவர் சாப்பாட்டுத் தூக்கும் கையுமாக இன்றைக்கும் அதே பிளாட்பாரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். என் விசில் சத்தத்துக்கு மூன்று மலைகள் வழிவிட்டன. ஓர் ஆறு திசை மாறியது. அதைக் கேட்டு அவசரப்பட்டுத் தவறான வண்டியில் ஏறிய ஒருவர், போய் இறங்கிய ஊரிலேயே கடை வைத்து, பெண் எடுத்து, பேரன் பேத்தி பார்த்துவிட்டார். இத்தனை சாகசத்திலும் ஒரு விஷயம்: சிக்னல் விழாமல் என் வண்டி ஒரு நாளும் நகர்ந்ததில்லை. இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

3. கடைசிப் பெட்டியில் தனியாக நின்று பழகியவனுக்கு வீட்டில் தனியாக இருப்பது பெரிய காரியமில்லை. எனக்கு இரண்டு அறைகள், ஒரு சமையலறை, ஒரே ஒரு நாற்காலி மட்டும் போடக்கூடிய பால்கனி. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். இதில் உள்ள வசதி தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. இதில் உள்ள கஷ்டம் தெரிய மூன்று வருடம் ஆயிற்று: வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும்.

4. இந்த நிலையில், மூன்று மாதங்களுக்கு முன் என் தங்கை மகள் ஒரு துணிப்பையோடு வந்தாள். நர்ஸ் படிப்புக்காக விடுதியில் தங்கியிருப்பவள். ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கிடந்ததாம். “ஒரு வாரம்தான் மாமா. வார்டன் பாத்தாங்கன்னா குட்டியோட சேத்து என்னையும் வெளிய அனுப்பிடுவாங்க” என்றாள். பையைத் திறந்ததும் இரண்டு காதும் ஒரு மூக்கும் வெளியே வந்தன. மீதி வருவதற்கு முன்பே என் மடி நனைந்துவிட்டது. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. சொல்லப்போனால் தங்கை மகள் ஒரு வாரம் என்று சொன்னபோது, எந்த வாரம் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

5. முதல் நாள் நடந்ததை நகராட்சிக் குடிநீர்ப் பிரிவு குறித்துவைத்திருக்க வேண்டும். எங்கள் பகுதி நீர்மட்டம் ஒரே பகலில் இரண்டடி உயர்ந்தது. ஹாலில் இருந்த நாற்காலிகள் மிதந்து சமையலறைக்குப் போய்விட்டன. மூன்றாம் மாடிக்காரர், படகு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்க மேலே வந்தார். கட்டிலுக்கு அடியில் மீன் துள்ளியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கண்ணாடி போடாமல் பார்த்தேன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கதவுக்குக் கதவு, கட்டில் காலுக்குக் கட்டில் கால் நின்று நின்று போனதால் அதற்குப் ‘பாசஞ்சர்’ என்று பெயர் வைத்தேன். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டிக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

6. நாய் வளர்த்து அறியாதவன் நான். ஆனால் நேரத்துக்கு வண்டி விட்டவன். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பாசஞ்சரின் வரவு, புறப்பாடு, தாமதம், தாமதத்துக்கான காரணம் எல்லாவற்றையும் பதிய ஆரம்பித்தேன். நான்கு நாளில் கால அட்டவணை பிடிபட்டுவிட்டது. தூங்கி எழுந்த ஐந்து நிமிடத்தில் ஒன்று. சாப்பிட்டுப் பதினைந்து நிமிடத்தில் ஒன்று. விளையாட்டு நடுவே தரையை முகர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினால், அடுத்த பத்து விநாடியில் ஒன்று. இதற்கேற்ப நான் மூன்று விதிகள் வகுத்தேன். முதல் விதி: குட்டி கண் விழித்தால் ஐந்து நிமிடத்தில் அது கீழே மண்ணில் நிற்க வேண்டும், என் சொந்த வேலைகள், எவ்வளவு அவசரமானாலும், அதற்கு அப்புறம்தான். இரண்டாம் விதி: வீட்டுக்குள் போய்விட்டால் திட்டக் கூடாது. துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். திட்டினால் குட்டி, தான் போன இடம் தப்பு என்று எடுத்துக்கொள்ளாது. போனதே தப்பு என்று எடுத்துக்கொண்டு ஒளிந்து ஒளிந்து போக ஆரம்பிக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். மூன்றாம் விதி என் சொந்தக் கண்டுபிடிப்பு: மண்ணில் நின்று முகரும்போது ஒரு நீள விசில். போய் முடித்தால் ஒரு பிஸ்கட் துண்டு.

7. பன்னிரண்டாம் நாள் அது விசிலுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. இருபதாம் நாள், விசில் இல்லாமல் போவதில்லை என்ற நிலைக்கு வந்தது. மண்ணில் நிற்கும், என் முகத்தைப் பார்க்கும், பிறகு என் கழுத்தில் தொங்கும் விசிலைப் பார்க்கும். நான் ஊதினால்தான் வண்டி நகரும். முப்பத்து நான்கு ஆண்டுகளில் எந்த டிரைவரும் எனக்கு இந்த மரியாதையைக் கொடுத்ததில்லை.

8. ஆனால் ஊரில் விசில் வைத்திருப்பவன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்பதை நான் யோசிக்காமல் விட்டது பெரும் பிழை. ஐந்தாம் மாடிக் கணக்கு டீச்சர் குக்கர் வைத்தால் மூன்று விசில்; இங்கே பாசஞ்சர் மூன்று முறை. கீழே வாட்ச்மேன் கார்களுக்கு விசில் ஊதிப் பின்னால் வரச் சொன்னால், மாடியில் என் ஹால் நனையும். தொலைக்காட்சியில் கால்பந்துப் பந்தய நடுவர் விசில் ஊதியதால் ஒரு தலையணை உறையை இழந்தேன். நான் போய்க் கேட்டதும் டீச்சர் பெருந்தன்மையாகச் சமையல் நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்தில் நாங்கள் மண்ணில் நின்றோம். வாட்ச்மேன் விசிலை எடுத்து டிராயரில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக் கார்களை வரவழைக்கிறார். “குட்டிக்காக இதுகூட செய்யலன்னா எப்படி சார்” என்றார். ஒரு நாய்க்குட்டியின் சிறுநீர்ப்பைக்காக ஒரு கட்டடமே தன் சத்தத்தை மாற்றிக்கொண்டது, ஐயா. இதை நான் மிகைப்படுத்தவில்லை. சரி, கட்டடம் என்றால் இரண்டு பேர்.

9. அதன்பின் நாற்பது நாட்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நோட்டுப் புத்தகம் இணைக்கப்பட்டுள்ளது. ஒரு குட்டியை வளர்ப்பதென்றால் நாம் அதற்குப் பழக்கம் கற்றுத் தருகிறோம் என்று நினைக்கிறோம். கார்டு வேலையில் எல்லாவற்றையும் அது கடந்து போன பிறகுதான் பார்ப்போம்: ஸ்டேஷன், பாலம், கையசைக்கும் ஜனங்கள் எல்லாம் பின்னால் சின்னதாகிக்கொண்டே போகும். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எதிரே வருவதை வாலாட்டிக்கொண்டு எதிர்பார்க்கும் ஒரு பிராணியோடு நடப்பது புதிது. காலையில் கீழே மண்ணில் நின்று விசிலைக் கையில் எடுக்கும்போது, இன்னும் நடக்காத ஒன்றுக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து காத்திருந்தோம். அது சிறுநீர்தான் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும்.

10. இனி சம்பவத்துக்கு வருகிறேன். ஒன்பது நாட்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்குச் சற்று முன். பாசஞ்சர் கண் விழித்தது. முதல் விதிப்படி நான் பல் விளக்காமல், போன் எடுக்காமல், வேறு எதற்கும் நிற்காமல், மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு அதோடு லிஃப்டில் ஏறினேன். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. அபாய மணியை அழுத்தினேன். அது அழுத்துவதற்கு மட்டும் உள்ள பொத்தான் என்று தெரிந்தது. விளக்கு அணைந்தது. கதவைத் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்விட்டுக் கத்தினால் மரியாதைக் குறைவாக இருக்குமே என்று முதல் அரை மணி நேரம் பலமாகத் தொண்டையைச் செருமினேன். பிறகு கத்தவும் செய்தேன்.

தாங்கள் கேட்கக்கூடும்: கழுத்தில் விசில் இருந்ததே, ஊதியிருக்கலாமே? மூன்று மலைகளை விலக்கிய விசிலாயிற்றே? ஊதியிருந்தால் வாட்ச்மேன் ஒரே நிமிடத்தில் ஓடி வந்திருப்பார். ஆனால் ஊதினால் பாசஞ்சர் போய்விடும். நாற்பது நாள் பயிற்சி ஒரு விசிலில் போய்விடும். அதனால் நான் ஊதவில்லை. குட்டியும் என் காலடியில் உட்கார்ந்து, விசிலையே பார்த்துக்கொண்டு, உடம்பு நடுங்க அடக்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நாற்பது நிமிடம். இந்த நேரத்தில் உலகின் ஏழு கடல்களும் எங்கள் லிஃப்டுக்குள் வந்து கதவைத் தட்டின என்று சொன்னால் மிகையாகாது. கடைசியில் நான் தட்டும் சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஆட்களைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தபோது லிஃப்டின் தரை நனைந்திருந்தது.

11. வெளியே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் சங்கச் செயலாளர் அம்மையார். அவர் தரைத்தளத்தில் மருத்துவமனை வைத்திருக்கும் பல் மருத்துவர். சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் பாசஞ்சரை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றேன். தரையைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். “பாத்தீங்களா, வயிறெல்லாம் நனைஞ்சிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார். எல்லோரும் குட்டியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு எல்லோர் முன்னிலையிலும் அதன் முகத்துக்கு நேராக விரலை ஆட்டி, “சீ, கெட்ட குட்டி. இப்படியா பண்றது?” என்று திட்டினேன். இரண்டாம் விதியை வகுத்தவன் நான்.

12. புதன்கிழமைக் கூட்டத்தில் அம்மையார் அநியாயமாகப் பேசவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். லிஃப்டில் கைக்குழந்தையை இறக்கிவிட்டு நிற்கும் தாய்மார் இருக்கிறார்கள் என்றார். நியாயம்தான். தீர்மானத்தில் மட்டும் ‘தினந்தோறும் கழிக்கும் பழக்கமுள்ள பெரிய நாய்’ என்று எழுதிவிட்டார்கள். பெரிய நாய் என்றால், என் செருப்பில் ஒன்றைத் தூக்க அது இரண்டு முறை இளைப்பாறும். சம்பவத்தின்போது உடனிருந்த சாட்சி என்று என்னை எழுப்பிக் கேட்டார்கள். நாய் அந்த லிஃப்டில்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் ஏராளம். அத்தனையும் கேட்டவர் சிரிப்பதற்காகச் சொன்னவை. அன்று நான் சொன்னது ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

13. கூட்டம் முடிந்து படியேறும்போது வாட்ச்மேன் உடன் வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்டைத் துடைத்தவர் அவர்தான். என்னோடு இரண்டு மாடி ஏறினார். பிறகு, “சார், அது விசில் இல்லாம போகாதே” என்றார். நான் நின்றேன். “நான் எதுவும் கேக்கல சார்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

14. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாசஞ்சர் லிஃப்டில் ஏறுவதில்லை. படிக்கட்டில்தான் இறங்குகிறோம். மண்ணில் நிற்கிறது; நான் விசில் ஊதுகிறேன்; போவதில்லை. காதைப் பின்னால் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், நான் பார்க்காதபோது, ஒளிந்து போகிறது. திட்டினால் இப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொன்னது. ஒரு வித்தியாசம்: அவர் சொன்னது தப்பு செய்து திட்டு வாங்கிய குட்டிகளைப் பற்றி. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய குட்டி என்ன ஆகும் என்று அவரிடம் நான் கேட்டதில்லை. நோட்டுப் புத்தகத்தில் இந்த ஒன்பது நாளைக்குத் தாமதத்துக்கான காரணம் என்ற இடம் காலியாகக் கிடக்கிறது. எழுத வேண்டிய காரணம் எனக்குத் தெரியும். நேற்று வரை பேனா எடுக்கவில்லை.

15. எழுதுகிறேன். லிஃப்டின் தரையை நனைத்தது மனுதாரர். எனக்கு வயது அறுபத்து நான்கு. ரத்தக் கொதிப்புக்காக டாக்டர் கொடுத்திருக்கும் மாத்திரை சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்யும் வகை; விழுங்கி அரை மணியில் வேலை செய்யும். அன்று கழிப்பறைக்குப் போகாமல் அதை விழுங்கிவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குட்டி முதலில், என் வேலை அப்புறம் என்று நானே வகுத்த விதி. ஒரு மணி நேரம் வரை தாக்குப் பிடித்தேன். அதற்குமேல் முடியவில்லை. குட்டி தள்ளி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது திட்டவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நான் அதைத் தூக்கி என் கால்சட்டையின் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டேன். அதன் வயிறு நனைந்தது அப்போதுதான், அங்கிருந்துதான். ஐந்து மாதக் குட்டி ஒரு மணி நாற்பது நிமிடம் விசிலுக்காகக் காத்திருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் முதல் முறையாகச் சிக்னல் விழாமல் நகர்ந்த வண்டி என்னுடையது.

16. இதை முன்பே சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டும் அல்ல. என் தங்கை மூன்று வருடமாகத் தொலைபேசியில் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறாள். “அண்ணா, தனியா இருந்தது போதும். இங்க வந்துடு. உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பாப்பாங்க?” அவள் வீட்டில் எனக்கென்று ஓர் அறையே ஒதுக்கியிருக்கிறாள். நல்லவள். அந்த அறைக்குப் போனால் நான் அவளுக்குப் பாரமில்லை. ஆனால் அங்கே நாய் வளர்க்க முடியாது. மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை கணவருக்கு, மூச்சுத்திணறல் உண்டு. லிஃப்டில் நடந்தது தெரிந்தால், அவள் இத்தனை நாள் கேட்ட ‘ஏதாவது ஒண்ணு’ கிடைத்துவிடும். உண்மையைச் சொன்னால் நான் வீட்டை இழக்கலாம். சொல்லாவிட்டால் குட்டி வீட்டை இழக்கிறது. இரண்டில் எது நியாயம் என்று தீர்மானிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பாசஞ்சராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்திருக்கும். அதோடு இன்னொன்றும் யோசித்தேன். கழிப்பறைக்குப் போகாமல் ஓடியதுதான் நடந்ததற்குக் காரணம். தனியாக இருந்தது அல்ல. கால அட்டவணையில் எனக்கும் ஒரு வரி சேர்த்துவிட்டேன். தங்கை கேட்டால் அந்த நோட்டைத்தான் காட்டப்போகிறேன்.

17. எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

(அ) வெள்ளிக்கிழமை வரவிருக்கும் தங்கள் வண்டியை நிறுத்தி, பாசஞ்சரை வெளியேற்றும் உத்தரவை ரத்து செய்ய வேண்டும்.

(ஆ) பதிவேட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் ‘நாய்க்குட்டி’ என்பதை அடித்துவிட்டு ‘மனுதாரர்’ என்று எழுத வேண்டும். காப்பகத்தில் என்னைச் சேர்க்க இடமிருக்காது என்று நம்புகிறேன். அதற்குப் பதிலாக ஒரு மாதம் லிஃப்டைத் துடைக்கும் வேலையை ஏற்கிறேன். நேற்றே ஆரம்பித்துவிட்டேன். வாட்ச்மேன் வாளியைக் கொடுத்தார்; எதுவும் கேட்கவில்லை.

(இ) லிஃப்டின் அபாய மணியைச் சரி செய்ய உத்தரவிட வேண்டும். இது தங்கள் பிரிவுக்கு உட்படாது என்றால் உட்பட்ட பிரிவுக்கு அனுப்பிவைக்கவும். அடுத்த முறை உள்ளே சிக்குகிறவரிடம் விசில் இருக்காது. இருந்தும் ஊதாத காரணமும் இருக்காது.

(ஈ) உரிமப் படிவத்தில் ‘பயிற்சி பெற்றதா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘ஆம்’ என்று எழுதி, எஜமானர் பயிற்சி பெற்றாரா என்றும் ஒரு கட்டம் அச்சிட்டால், அதில் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதிக்கொள்கிறேன்.

18. இதன் நகல் சங்கச் செயலாளர் அம்மையாருக்கும் போகிறது. அவருக்குத் தரும் நகலில் பதினைந்தாம் பத்தியை நீக்கிக் கொடுக்கலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். நீக்கவில்லை. மாலையில் நேரில் போய்க் கொடுக்கிறேன். வாயைத் திறக்கச் சொல்லியே பழக்கப்பட்டவர். முதல் முறையாக நானே திறக்கிறேன்.

பாசஞ்சர் மீண்டும் விசிலுக்குப் போக எத்தனை நாளாகும் என்று மருத்துவருக்கும் தெரியவில்லை. அது திரும்பப் பழகும்வரை என்னுடன் இருக்கத் தாங்கள் ஆவன செய்வீர்கள் என்று காத்திருக்கிறேன்.

இடம்: நான்காவது மாடி, ஒற்றை நாற்காலிப் பால்கனி
நாள்: செவ்வாய்க்கிழமை, கெடுவுக்கு இன்னும் மூன்று நாள்

இப்படிக்கு,
காத்திருப்பது எப்படி என்று குட்டியிடம் கற்றுக்கொண்டிருக்கும்
விசில் மாமா
(கையொப்பம், பக்கத்தில் உள்ள பாதச் சுவடு சாட்சியுடையது)

இணைப்புகள்: நாற்பது நாள் நோட்டுப் புத்தகம், தடுப்பூசி அட்டை, கணக்கு டீச்சர் எழுதித் தந்த குக்கர் நேரப் பட்டியல், என் மாத்திரைச் சீட்டின் பிரதி.

நகல்: சங்கச் செயலாளர் அம்மையாருக்கு. என் தங்கைக்கு. வாட்ச்மேனுக்கு நகல் தேவையில்லை. அவரிடம் அசல் இருக்கிறது.

பி.கு.: மலை விலகியது, ஆறு திசை மாறியது, நாற்காலி மிதந்தது, மீன் துள்ளியது எல்லாவற்றையும் தாங்கள் தாராளமாக அடித்துவிடலாம். கடல் என்று வரும் இடத்தில் ஒரு டம்ளர் என்று திருத்திக்கொள்ளலாம். பதினைந்தாம் பத்தி மட்டும் அப்படியே நிற்கட்டும். அது நடந்தது. அதில் நான் எதையும் பெரிதாக்கவில்லை. ஒன்பது நாளாகச் சின்னதாக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.